ஒன்பது தேங்காய்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு, பட்டர்வொர்த், மலேசியா

தைப்பூசத்துக்காக நாளை விடியற்காலை முருகனின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குக் கிளம்பும். வீட்டில் மூன்று நாளாக, ரதத்துக்கு முன் உடைக்கும் தேங்காய்ப் பேச்சுத்தான்.

2008இல் மகனுக்கு டெங்கி வந்து பிழைத்தபோது நான் வேண்டிக்கொண்டது ஒன்பது காய். அது 21 ஆகி, 54 ஆகி, 101 ஆகி, போன வருடம் 303இல் வந்து நின்றது. முருகன் கேட்டதாக நினைவில்லை. பக்கத்தில் உடைப்பவர்களின் குவியல் உயர்ந்தது, எங்கள் குவியலும் உயர்ந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருடா வருடம் தேங்காயைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. படிப்பேன், தலையாட்டுவேன், பிறகு கடைக்குப் போன் போடுவேன்.

இந்த வருடம் காய்க்குத் தட்டுப்பாடு. ஒரு காய் 3 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். 303 காய்க்கு 909 வெள்ளி. என் வீட்டுக்காரர் காவல் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வாங்குவது 1,700. அதுவும் குறைந்தபட்ச சம்பளம் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து 1,500இல் இருந்து ஏறியதால்தான்.

"ஒம்பது போதுங்க, வேண்டிக்கிட்டதே அதுதானே" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

10 பிப்ரவரி, திங்கள்

ஒன்பதுதான் உடைத்தோம். ரதம் வந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. யார் பார்த்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

1 மார்ச், சனி

இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) 2024க்கான ஈவுத்தொகையை இன்று அறிவித்துவிட்டார்கள், 6.30 விழுக்காடு. இந்த மாதம் 16ஆம் தேதி எனக்கு 55 முடிகிறது. அதற்குப் பிறகு என் கணக்கில் இருக்கும் 218,000 வெள்ளியை மொத்தமாகவும் எடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகவும் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். விட்டாலும் ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும்.

இது எனக்குத் தெரியும்முன் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் லைனில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேன்டீனில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, மாசம் எட்டு விழுக்காடு தர்றாங்க. நான் போட்டு ரெண்டு மாசமா வாங்கிட்டேன்." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதம் எட்டை எடுக்காமல் விட்டால் ஒன்பது மாதத்தில் போட்டது இரட்டிப்பாக வேண்டும். வருடத்துக்கு ஆறு கொடுத்தால் இரட்டிப்பாகப் பன்னிரண்டு வருடம் ஆகிறதே. அவளிடம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்து காட்டினேன், அவள் பணம் போட்ட இடத்தின் பெயர் அதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போட்டது மகளின் கல்லூரிப் பணம்.

9 மார்ச், ஞாயிறு

அண்ணன் மகன் வந்திருந்தான். "அத்தை, லாரி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நாப்பதாயிரம் இருந்தா முன்பணம் கட்டிடலாம்."

உட்காரச் சொல்லிக் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். அடுக்களையில் நிற்கும்போது அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். 55இல் இ.பி.எஃப் பணம் முழுவதையும் எடுத்தார். அக்கா கல்யாணத்துக்குக் கொஞ்சம், அண்ணன் வேன் வாங்கக் கொஞ்சம், வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் கொஞ்சம். மூன்று வருடத்தில் தீர்ந்தது. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது கையில் ஒன்றும் இல்லை. கடைசிவரை மருந்துக்குக்கூட என்னிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே கோபம் வரும். கிடைத்ததை வைத்துக்கொண்டு பேசாமல் இரு என்பதற்குத்தான் அங்கே அது பயன்பட்டது. அப்பாவுக்குப் போதுமான மனம் இருந்தது. எவ்வளவு போதும் என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டத்தான் யாரும் இல்லை.

அவனிடம் இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

10 மார்ச், திங்கள், இரவு

எங்களுக்கு மாதம் எவ்வளவு போதும் என்று தாளில் எழுதினேன். அடுக்குமாடி வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு, மளிகை, மீன், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், இரண்டு கைப்பேசி, கோவில். மருந்துக்குச் செலவு பெரிதில்லை, அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான். எல்லாம் சேர்த்து மாதம் 1,480. கேட்பவர்களுக்குக் கொடுக்க 200. அதைச் சேர்க்காவிட்டால் கொடுக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்கிறது. ஆக 1,680.

அடிப்படைச் சேமிப்பு என்று இ.பி.எஃப் சொல்வது 55 வயதில் 240,000. மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் இருபது வருடம். எங்களுக்கு ஆயிரம் பத்தாது. ஆனால் 60 வரை வேலை இருக்கிறது. இந்தப் பணத்தைத் தொடாமல் விட்டு, ஈவை ஐந்து விழுக்காடு என்று குறைத்தே போட்டாலும், அப்போது ஏறத்தாழ 278,000 ஆகும். 55க்குப் பிறகு சம்பளத்தில் பிடிக்கும் பணம் அக்காவுன் எமாஸ் என்ற கணக்கில் தனியாகச் சேரும். அதை 60இல்தான் தொடலாம், அதுவும் நல்லதுதான்.

அவரிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அப்ப நாம பயப்பட வேண்டியதில்லயா?" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இந்த மனுஷன் பயந்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

11 மார்ச், செவ்வாய்

அண்ணன் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அத்தை நாப்பதாயிரம் தர மாட்டேன்யா. அஞ்சாயிரம் தர்றேன், திருப்பித் தர வேண்டாம்." அது கடன் இல்லை, இ.பி.எஃப்பைத் தொடாமல் என் கைச்சேமிப்பிலிருந்து கொடுப்பது. கடன் என்று கொடுத்தால் தீபாவளிக்கு வீட்டுப்பக்கம் வரமாட்டான், எனக்கு அவன் வேண்டும். இ.பி.எஃப்பில் போன வருடம் மே மாதம் திறந்த மூன்றாவது கணக்கிலிருந்து அவன் மாதாமாதம் ஐம்பது, நூறு என்று எடுத்துக் கைப்பேசித் தவணை கட்டுகிறான். அதை நிறுத்தச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. அண்ணி இன்னும் போன் எடுக்கவில்லை.

22 மார்ச், சனி

இதையும் எழுதவேண்டும். இடப்பக்கக் கடைவாயில் இரண்டு பல் போய் ஆறு வருடம் ஆகிறது. "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளியே வந்தேன். 303 தேங்காய்க்குக் காசு இருந்தது, என் பல்லுக்கு இல்லை. யாரும் தடுக்கவில்லை, நானேதான். இன்று முதல் தடவையாக என் இ.பி.எஃப் கணக்கிலிருந்து, பல் கட்ட 3,000 எடுக்க மனு போட்டேன்.

14 ஏப்ரல், திங்கள், புத்தாண்டு

கோவிலுக்குப் போய்விட்டுச் சந்தை வழியாக வந்தோம். அவர் கொய்யா வாங்கினார், புளிப்பான ஆசாம் பொடி தூவி. எனக்கு வழக்கம்போல நன்றாகப் பழுத்ததாகத் தேடினார். "காயாவே குடுங்க" என்றேன். இடப்பக்கத்தில் வைத்துக் கடித்தேன். அந்தச் சத்தம் அவருக்கே கேட்டிருக்கிறது. அப்படியே நின்று பார்த்தார், பிறகு இன்னொன்று வாங்கினார்.