அத்தையின் சுகரும் சஷ்டி விரதமும்

கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, சுகர் வந்தும் ரொம்ப வருஷம் ஆகிறது. வீட்டில் ஆளாளுக்குச் சொல்வது ஒன்றுதான், இனிப்பைத் தொடாதீங்க. அவரும் காபிக்குக் கருப்பட்டி, ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் என்று மாறிவிட்டார். ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 9-க்குக் கீழே இறங்கவில்லை. "நான் என்னத்தய்யா இனிப்பு திங்கேன்?" என்று கோபம் வேறு.

கருப்பட்டியும் சர்க்கரைதான், நாலு சப்பாத்தி ஒரு தட்டு சோற்றுக்குக் குறைந்ததில்லை என்று சொன்னால் யார் நம்புவது? வீட்டுக் கருவியில் கூழுக்கு முன்னால் ஒரு தடவை, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பார்க்க வைத்தேன். 140-ல் இருந்தது 250-ஐத் தாண்டியதும் அத்தை பேசவில்லை. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்துக் காய்ச்சிக் கூழாகக் குடித்தால் மளமளவென ஏறும். இப்போது அரை டம்ளர்தான், கூடவே சுண்டல்.

ஆனால் வயதானவர்களுக்கு ஏறும் சுகரைவிட இறங்கும் சுகர்தான் பெரிய ஆபத்து, அதை வீட்டில் யாரும் பேசுவதே இல்லை. அத்தை சாப்பிடுவது மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் அவ்வளவாகத் தாழ்ந்துபோகாது. கிளிமிபிரைடு அப்படியில்லை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு சஷ்டி விரதமும் இருந்தால் மத்தியானம் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அத்தை அதை வெயில் என்பார், மற்றவர்கள் வயசு என்பார்கள். குத்திப் பார்த்து 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை, ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். (ஒளித்து வைத்த சர்க்கரை டப்பாவை அன்றைக்குத் தேடக் கூடாது.)

டாக்டரிடம் விரதத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அவர் அந்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். இந்த வயதுக்குச் சராசரி 8 பக்கத்தில் வந்தாலே போதும், 6-க்கு அடித்துப் பிடிக்க வேண்டாம் என்றார்.

அப்புறம் அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை. தொண்டையில் சிக்குகிறது என்று அத்தை அதை அரிவாள்மனையில் இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார்! மெதுவாகக் கரைகிற மெட்ஃபார்மின் அது, உடைத்தால் மொத்தமாக இறங்கிவிடும். இன்னொரு நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வருகிறதென்று பயந்தார். அது வெறும் கூடுதான், மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

அதைவிடக் குழப்பம், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை அட்டையும் மெடிக்கலில் வாங்கும் அட்டையும் வேறு வேறு நிறத்தில் இருப்பது. அத்தை நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார், ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. ஒரு அட்டை மட்டும் வெளியே, மற்றது பீரோவுக்குள் என்று வைத்துவிட்டோம்.

கண் பரிசோதனைதான் பாக்கி. விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் தெரியாது, வருஷம் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். "ஊசியில நூல் கோக்கேன், எனக்கென்ன கண்ணுக்கு?" என்கிறார். பங்குனி உத்திரம் முடியட்டும் என்று தவணை வாங்கியிருக்கிறார்.