ஒர்த்தீஜாவில் தனிக் கைடு: மூன்று மணி நேரத்தை எங்கே செலவிடுவது

இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்குக் கரையில் இருக்கும் சிராக்கூசா நகரத்தின் பழைய பகுதிதான் ஒர்த்தீஜா. அதுவே ஒரு குட்டித் தீவு. பாலத்தில் இறங்கித் தென்முனையில் உள்ள மனியாச்சே கோட்டைக்கு நடந்தால் இருபது நிமிடத்தில் போய்விடலாம். இத்தனை சின்ன ஊருக்குத் தனியாக ஒரு கைடு எதற்கு? கிரேக்கர் முதல் ஸ்பானியர் வரை இங்கே வந்தவர்கள் முன்பிருந்த கட்டடத்தை முழுக்க இடிக்காமல் அதற்குள்ளேயே தங்களுடையதைக் கட்டிக்கொண்டார்கள். ஒரே சுவரில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியுள்ள கற்கள் நிற்கின்றன. எது எவர் வைத்த கல் என்று பிரித்துக் காட்டத்தான் ஆள் வேண்டும். தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் நடப்பவருக்குக் கொடுக்கும் காசு வீண்.

இத்தாலியில் நினைவுச் சின்னங்களைக் காசு வாங்கிக்கொண்டு விளக்குவதற்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். பதிவு செய்யும்போதே அதைக் கேட்கலாம். கார் ஓட்டி வருபவர், குழுவைக் கூட்டிப்போகும் உதவியாளர் எல்லாரும் கைடு ஆகிவிட மாட்டார்கள். தனிக் கைடின் கட்டணம் பெரும்பாலும் குழுவுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், தலைக்கு அல்ல. அதனால் நான்கைந்து பேராகப் போனால் கட்டுப்படியாகும். நுழைவுச் சீட்டுகள் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; சேராமல் இருப்பதே அதிகம். தீவுக்கு மட்டும் மூன்று மணி நேரம் போதும். கிரேக்க அரங்கு உள்ள நெயாப்போலிஸ் பூங்காவையும் அதே காலையில் திணிக்காதீர்கள், இரண்டுமே அரைகுறையாகும்.

கத்தானியா விமான நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் ரயில் நிலையத்தின் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து தீவுக்கு நடந்தே போகலாம். வாடகைக் காரில் வருபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒர்த்தீஜாவின் உள்பகுதி வாகனக் கட்டுப்பாட்டு வட்டாரம். நுழைவிடப் பலகையில் சிவப்பு எழுத்தில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கேமரா ஓடுகிறது, உள்ளே போகக் கூடாது. நேரம் பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறும். தெரியாமல் ஒரே தெருவைத் தேடி மூன்று முறை சுற்றினால் மூன்று அபராதம் வரும். அதுவும் சில மாதம் கழித்து, வாடகை நிறுவனம் பிடிக்கும் தனிக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். தீவின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள தாலேத்தே நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிடுவது நிம்மதி. விடுதி தீவுக்குள் என்றால் வண்டி எண்ணை முன்கூட்டியே அவர்களிடம் பதியச் சொல்லுங்கள்.

காலை எட்டரைக்கு அப்போல்லோ கோயில் அருகே சந்திப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது இது. சிசிலியின் மிகப் பழைய கல் கோயில்களில் ஒன்று. தூண்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்து நிற்பதைப் பாருங்கள். கல்லில் இவ்வளவு பெரிதாகக் கட்டிப் பழக்கமில்லாத காலம். மேலே வைக்கும் பாரத்தைத் தூண்கள் தாங்குமா என்ற பயம் அந்த நெருக்கத்தில் தெரிகிறது. தூண்களின் தண்டுகள் ஒற்றைக் கல்லில் வெட்டியவை. கிழக்குப் படியில் அப்போல்லோவுக்காக இதைச் செய்தவர் கிளேயோமேனஸ் என்று கிரேக்க எழுத்தில் வெட்டியிருக்கிறது. கம்பி வேலிக்கு வெளியே நின்று எங்கே என்று தேடினால் கிடைக்காது, கைடு விரலால் காட்ட வேண்டும். இதே கட்டடம் பிறகு பைசாந்தியத் தேவாலயமாகவும், பள்ளிவாசலாகவும், மீண்டும் தேவாலயமாகவும், கடைசியில் ஸ்பானியப் படை முகாமாகவும் இருந்தது. பக்கத்திலேயே சந்தை. ஞாயிறு கிடையாது, மதியத்துக்குப் பிறகும் கிடையாது.

பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதுவும் முகப்புச் சதுக்கத்திலிருந்து தொடங்காமல் வீயா மினேர்வா என்ற பக்கவாட்டுத் தெருவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கி.மு. 480இல் ஹிமேரா என்ற ஊரில் கார்த்தேஜ் படையை வென்ற பிறகு, சிராக்கூசாவை ஆண்ட கெலோன் எழுப்பிய அதீனா கோயிலின் தூண்கள் அந்தத் தெருச் சுவரில் புதைந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் விட்டம். இடையில் இருந்த வெளியைக் கிறித்தவர்கள் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நிலநடுக்கங்களில் நிலைகுலைந்த சில தூண்கள் நேராக இல்லாமல் விலகி நிற்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

உள்ளே போனால்தான் கணக்குப் புரியும். கிரேக்கக் கோயிலில் நடுவில் மூடிய கருவறை, அதைச் சுற்றித் திறந்த தூண் வரிசை. தேவாலயத்துக்கோ நடுவில் திறந்த பெரிய கூடம் வேண்டும், வெளியே மூடிய சுவர் வேண்டும். ஆகவே தூண்களுக்கு நடுவே அடைத்தார்கள். கருவறையின் இரு நெடுஞ்சுவர்களிலும் பக்கத்துக்கு எட்டு வளைவுகளாக வெட்டித் திறந்தார்கள். திறந்தது மூடியது, மூடியது திறந்தது. வளைவுகளின் நடுவே தூண்போல் நிற்பவை கட்டிய தூண்கள் அல்ல, வெட்டியதுபோக மிஞ்சிய கருவறைச் சுவர். திசையும் மாறிவிட்டது. கிரேக்கக் கோயிலின் வாசல் கிழக்கே; தேவாலயத்தின் பீடம் கிழக்கே. நீங்கள் நுழைவது பழைய கோயிலின் பின்பக்கமாக. இதைச் சொல்லாமல் 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்திரேயா பால்மா வரைந்த, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பை மட்டும் காட்டிவிட்டுப் போகும் கைடை நிறுத்திக் கேளுங்கள். தோள் மூடிய உடை வேண்டும்.

வெளியே வந்ததும் நகர மாளிகையின் இடது மூலையில், மேல் விளிம்பில் ஒரு சின்னக் கல் பல்லி இருக்கும். மாளிகையை வடித்த ஜொவான்னி வெர்மேக்ஸியோவின் கையொப்பம் அது. குழந்தைகளோடு போனால் அவர்களையே தேடவிடலாம்.

யூதர்கள் வாழ்ந்த ஜூதெக்காவில், ஒரு விடுதியின் அடியில் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் சடங்குக் குளியல் தொட்டிகள் இருக்கின்றன. நிலத்தடி நீர் இன்றும் ஊறுகிறது. அங்கே குறித்த நேரத்தில் அந்த இடத்து ஆட்களே அழைத்துப் போவார்கள், உங்கள் கைடு விளக்க முடியாது. எனவே அதை மூன்று மணி நேரத்துக்கு வெளியே வையுங்கள். படிகள் செங்குத்து, ஈரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். அரெத்தூசா ஊற்று எப்போதும் திறந்த வெளி, அதற்கும் கைடு தேவையில்லை. கடலை ஒட்டி ஊறும் அந்த நீரில் பாப்பிரஸ் கோரை வளர்கிறது.

மதிய உணவில் கவனம் வேண்டியது மீன் விலை. பட்டியலில் 'எத்தோ' என்று போட்டிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீன் 600 கிராம் இருந்தால் ஆறு மடங்கு. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சைவர்களுக்குக் கத்தரிக்காய் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா நல்லது. ரொட்டித் தூள் தூவிய பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது; 'சென்சா ஆச்சூகே' என்றால் நெத்திலி இல்லாமல் தருவார்கள்.

நெயாப்போலிஸை இன்னொரு நாள் காலை, திறந்த உடனே பாருங்கள். கல் வெட்டிய குழிகளில் வெயில் அப்படியே தேங்கும். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராக்கூசா வட்டாரத்தில் பதிவான 48.8 டிகிரிதான் ஐரோப்பாவின் உச்ச வெப்பப் பதிவு. மே, ஜூன் மாதங்களில் போனால் நாடக விழாவுக்காக அரங்கின் கல் இருக்கைகளைப் பலகையால் மூடியிருப்பார்கள். கல்லைப் பார்க்க வேண்டுமா, நாடகம் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு தேதி பாருங்கள். பூங்காவில் உள்ள 'தியோனீசியஸின் காது' என்ற 23 மீட்டர் உயரக் குகையில், கைதிகள் பேசுவதைப் பழைய சிராக்கூசாவை ஆண்ட கொடுங்கோலன் தியோனீசியஸ் மேலிருந்து ஒட்டுக் கேட்டான் என்பார்கள். அது கதை, அந்தப் பெயர் 1608இல் இங்கு வந்த ஓவியர் கரவாஜ்ஜோ வைத்தது என்பதே மரபு. கதையை வரலாறாகச் சொல்லாத கைடுதான் நல்ல கைடு.

கரவாஜ்ஜோ அப்போது வரைந்த 'புனித லூசியாவின் அடக்கம்' ஓவியத்தையும் விடாதீர்கள். அது பேராலயச் சதுக்கத்தில் உள்ள பதீயா தேவாலயத்தில் பல ஆண்டுகள் இருந்தது. பிறகு எந்தக் கோயிலுக்காக வரையப்பட்டதோ, தீவுக்கு வெளியே உள்ள அந்த சாந்தா லூச்சியா அல் செப்போல்க்ரோவுக்குப் போனது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் போகாமல், எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முந்தைய நாளே கைடிடம் கேட்டுவிடுங்கள். இங்கே பல தேவாலயங்கள் நண்பகலில் மூடி, மாலையில்தான் திரும்பத் திறக்கும்.