அப்பாவின் கைபேசி எண்ணும் எங்கள் வீட்டு வை-ஃபையும்

மாலை விவாத நிகழ்ச்சியில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அவர்கள் இருவரையும் திடீரென்று மறைத்துவிட்டு, ஒரு யானைக்குட்டி தும்பிக்கையை ஆட்டியபடி ஆங்கில எழுத்துகளைப் பாடும் கார்ட்டூனைக் காட்டத் தொடங்கியது. அப்பா ரிமோட்டை எடுத்து விவாதத்துக்குத் திரும்பினார். யானையும் திரும்பி வந்தது. இந்த இழுபறியை அடுப்படியிலிருந்தே கவனித்த அம்மா, "டிவிக்குக் கண்ணு பட்டுருச்சு, ஞாயித்துக்கிழமை சுத்திப் போடணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கண்ணேறு அல்ல; மாடியில் குடியிருப்பவர்களின் சின்னப் பையன். ஒரே வை-ஃபையில் இணைந்திருக்கும் கைபேசியில் யூடியூபைத் திறந்தால் அந்த வலையமைப்பிலுள்ள தொலைக்காட்சியின் பெயரும் தோன்றும். அதைத் தொட்டால் படம் அங்கே போய் ஓடும். அவன் தொட்டிருக்கிறான், தன் வீட்டு டிவியில் ஒன்றும் வராததால் மறுபடி மறுபடி தொட்டிருக்கிறான். மாடி வீட்டுக் கைபேசி எங்கள் வை-ஃபைக்குள் எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவங்க நெட்டு ரெண்டு நாளா வரலைன்னாங்கப்பா, குடுத்தேன்."

"எப்பம்மா?"

"தீபாவளிக்கு முன்னாடி."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மாசி மாதத்தில்.

அன்றிரவு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். திறப்பதற்குச் சிரமமே இல்லை. பயனர் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது, கருவி தயாராகும்போதே போட்டு அனுப்பும் இத்தகைய கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான். இணைந்திருந்த கருவிகளின் பட்டியலோ கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல நீண்டது. எங்கள் கருவிகளைக் கழித்த பிறகும் மாடி வீட்டார் மூவர், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன், தண்ணீர் கேன் போடும் தம்பி, ஊரிலிருந்து வந்து போன சித்தப்பா விட்டுச்சென்ற பழைய டேப்லெட் என்று பலரும் இருந்தார்கள். கேன் தம்பி மாடிக்கு ஏறி இறங்கும் நேரத்தில் பாட்டுகளைப் பதிவிறக்கிக்கொள்வாராம். அம்மாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

இவ்வளவு பேருக்கும் கடவுச்சொல் மறக்காமல் இருந்ததற்குக் காரணம், அது அப்பாவின் கைபேசி எண் என்பதே. இணைப்புக் கொடுக்க வந்த ஊழியர் படிவத்திலிருந்த எண்ணைப் பார்த்து அதையே போட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். அக்காவின் திருமண அழைப்பிதழில் அந்த எண்ணை அச்சிட்டு மதுரை முழுவதும் விநியோகித்திருக்கிறோம். அழைப்பிதழ் கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. கைபேசி ஒன்று வை-ஃபையில் இணையும் கணத்தில் காற்றில் நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவுசெய்துகொண்டால், டபிள்யூபிஏ2 என்ற வை-ஃபை பாதுகாப்பு முறையில் கடவுச்சொல்லை வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகிக்கலாம். 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடிதான். விளையாட்டுக் கணினியிலிருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று அத்தனையையும் சில மணி நேரத்தில் சோதித்துவிடும்.

கைவைத்ததுதான் வைத்தோம், தினமும் மாலையில் அலுவலகக் கூட்டத்தின் நடுவே என் முகம் திரையில் உறைந்துபோகும் சிக்கலையும் பார்த்துவிடலாம் என்று ரவுட்டரைத் தேடிப் போனேன். அது பூஜை அலமாரிக்கும் இரும்பு பீரோவுக்கும் இடைப்பட்ட சந்தில், தூசி படியாமலிருக்க அம்மா போர்த்திய மயில் போட்ட பின்னல் துணிக்குள், தொட்டால் கை சுடும் வெப்பத்துடன் இருந்தது. இரும்பு, அலைகளை ஊடுருவ விடாது. ஆகவே பீரோவுக்கு இந்தப் பக்கமிருந்த பட்டுப்புடவைகளுக்குக் கிடைத்த சிக்னல் என் அறைக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடி இழைக் கம்பியை மடங்காமல் நீட்டிக் கூடத்தின் நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டியதும் பெரும்பகுதி சரியானது. மாலை ஆறரை மணித் தடங்கல் மட்டும் விடாமல் தொடர்ந்தது.

அந்த ரகசியம் மைக்ரோவேவ் அடுப்பின் முதுகில் அச்சிட்டே இருந்தது: 2450 மெகாஹெர்ட்ஸ். வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அதே இடம்தான். அடுப்பிலிருந்து கசியும் சிறு அளவு, உணவைச் சூடாக்கும் வலிமையற்றதாயினும், என் கூட்டத்தைக் கலைக்கப் போதுமானது. ஆறரை மணி, அம்மா மதியச் சாம்பாரைச் சூடுபடுத்தும் நேரம். சாம்பாரை மாற்றச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லாததால், மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அது சுவர்களைத் தாண்டுவதில் கொஞ்சம் பலவீனம். அடுப்புத் தொந்தரவு இல்லை. 2.4 அலைவரிசையைப் பிரித்திருக்கும் சேனல்கள் என்ற தடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றுதான். தெருவே 6-இல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தமையால் நாங்கள் 11-க்குக் குடிபெயர்ந்தோம்.

பாதுகாப்புப் பக்கம் வேலை அதைவிடச் சுருக்கமானது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன். அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிப்பட்ட செய்தி. வீட்டுக்குப் போய் ஊகித்துப் பார்க்கும் விளையாட்டுக்கு இடங்கொடாத, அடுத்த தலைமுறைப் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ஐ எங்கள் ரவுட்டர் அறியாததால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமான கடவுச்சொல் அமைத்தேன். அதை ரிமோட்டின் அம்புக்குறிகளால் எழுத்தெழுத்தாகத் தொலைக்காட்சியில் ஏற்றும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். கடைசிச் சொல்லில் ஒரு எழுத்து பிசகி, முழுவதும் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியபோது, "என் நம்பருக்கு என்னடா குறைச்சல்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததாகவே எனக்கும் தோன்றியது.

விருந்தினருக்குத் தனி வலையமைப்பு ஒன்றையும் திறந்தேன். அதில் இணைபவர்களுக்கு இணையம் கிடைக்கும். எங்கள் டிவி, அச்சுப்பொறி எதுவும் கண்ணில் படாது. அம்மா யாரிடமும் எதையும் ஒப்பிக்க வேண்டாமே என்று அதன் க்யூஆர் குறியை ஒரு தாளில் அச்சிட்டு, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாடி வீட்டுப் பையன் முதல் ஆளாக வந்து இணைந்தான்.

அம்மாவுக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துப்போனது. ஓரத்தின் வெற்றிடத்தில் பால் கணக்கை எழுதத் தொடங்கினார்; இடம் தீர்ந்ததும் கட்டங்களின் மேலேயே எழுதினார். க்யூஆர் குறியில் பிழை திருத்தும் ஏற்பாடு இருப்பதால், அதிகபட்ச நிலையில் அச்சிட்டால் சுமார் 30 சதவீதம் வரை சேதமடைந்தாலும் கைபேசி படித்துவிடும். நானும் அப்படித்தான் அச்சிட்டிருந்தேன். ஆகவே அரை லிட்டர், ஒரு லிட்டர், தயிர் பாக்கெட் என எல்லாவற்றையும் அது தாங்கியது. மூன்று மூலைகளிலிருக்கும் பெரிய சதுரங்கள் மட்டும் விதிவிலக்கு, ஏனெனில் குறி எங்கே இருக்கிறது என்பதைக் கைபேசி அவற்றைக்கொண்டுதான் அறிகிறது. மாதக் கடைசியில் அவற்றில் ஒரு சதுரத்தின் மேல் பால்காரருக்கான பாக்கித் தொகை நீலப் பேனாவில் ஏறியது. வந்த விருந்தாளிகள் கைபேசியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

புதிய தாளில் குறியைப் பக்கம் நிறையப் பெரிதாக அச்சிட்டு ஒட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா இது, எழுதறதுக்கு எடமே விடல?"