கேட்டால் கொடுக்கிறார்கள்: ராயபுரம் கரையின் பழைய படங்களைத் தேடி வாங்கிய அனுபவம்

எங்கள் பகுதி வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு வடசென்னையின் பழைய படங்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி போடலாம் என்று முடிவானது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. ஆனால் கொஞ்சம் பெரிதாக்கினாலே கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஒரு குழுவில் ‘தங்கசாலை 1880’ என்று வந்த படமே இன்னொரு குழுவில் ‘பாரிமுனை 1910’ என்று வரும். அதனால் மூலப்படம் இருக்கும் இடத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது என்று நான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

மெட்ராஸ் படங்களை மெட்ராஸில்தானே தேட வேண்டும் என்று தோன்றும். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. 1924-ல் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகராகச் சேர்ந்த இடம் அது. எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் படங்கள் நிறைய ஊரை விட்டே போய்விட்டன. நிக்கலஸ், வீலி அண்ட் கிளைன் மாதிரி இங்கே தொழில் செய்த ஸ்டூடியோக்கள் படங்களைப் பிரதி போட்டு விற்றன. வேலை பார்க்க வந்த துரைமார்கள் அவற்றை வாங்கி ஆல்பத்தில் ஒட்டி, ஓய்வு பெற்றபோது பெட்டியோடு கொண்டுபோனார்கள். பிற்பாடு பேரப்பிள்ளைகள் அந்த ஆல்பங்களை நூலகங்களுக்குக் கொடுத்தார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள ராயல் காமன்வெல்த் சொசைட்டி சேகரிப்பு இப்படிப்பட்டதுதான். 1868-ல் லண்டனில் தொடங்கிய சங்கம் அது. அவர்கள் சேர்த்த புத்தகங்களும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களும் 1993-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்தன. அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் மிஷனரிகள் எடுத்த படங்களைத் தனியாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்துக்கும் தெற்காசியாவுக்கென்றே ஒரு மின்நூலகம் உண்டு. இவற்றையெல்லாம் ராயபுரத்தில் உட்கார்ந்தபடியே தேடலாம், காசு கிடையாது.

ஆனால் தேடுவதில்தான் சூட்சுமம். ‘ராயபுரம்’ என்று போட்டால் ஒன்றிரண்டு வரும், ‘காசிமேடு’ என்று போட்டால் வெறும் பக்கம்தான். ஒரு காரணம் எழுத்துக்கூட்டு. ராயபுரத்தை இங்கிலீஷில் ஒருவர் ‘யு’ போட்டும் இன்னொருவர் இரண்டு ‘ஓ’ போட்டும் எழுதியிருப்பார்கள். ஜார்ஜ் டவுனுக்குப் பழைய பெயர் பிளாக் டவுன், அதையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய காரணம் வேறு. ஆல்பம் வைத்திருந்த துரைக்கு நம் தெருவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர் வடக்குப் பக்கம் வந்ததே கப்பலில் வந்து இறங்கவும், ரயில் ஏறவும், மில்லைப் பார்க்கவும்தான். இது பிடிபட்டதும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு அவர் வந்த வேலையை வைத்துத் தேட ஆரம்பித்தேன். ‘மெட்ராஸ் அலை’, ‘மசூலா படகு’ (கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரைசேர்த்த படகு), ‘மெட்ராஸ் ரயில்வே’, ‘பக்கிங்காம் மில்’ என்று போட்டதும் வரிசையாக வர ஆரம்பித்தன. ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்தது, சென்ட்ரல் வந்தது 1873-ல்தான். அதற்கு முந்தைய ஆல்பத்தில் ‘மெட்ராஸ் ஸ்டேஷன்’ என்று மட்டும் இருந்தால் அது நம்ம ஸ்டேஷனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தூண் வரிசையைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

இன்னொன்று, ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவிலேயே மூலையில் எண்ணோ பெயரோ கீறியிருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே படம் பல ஆல்பங்களில் இருக்கும். ஒரு நூலகம் காசு கேட்கும் படத்தை இன்னொரு நூலகம் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விட்டிருக்கலாம்.

எனக்கு வேண்டிய மசூலா படகுப் படம் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாக்கில் சின்ன அளவில் மட்டும் இருந்தது. மெயில் அனுப்பினேன். ‘மெட்ராஸ் படங்கள் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். சேகரிப்பின் எண், ஆல்பத்தில் எத்தனையாவது படம், எதற்காக, எந்த அளவில் அச்சிடப்போகிறோம், டிக்கெட் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் முதல் மெயிலிலேயே எழுதிவிட வேண்டும். ‘இதை ஏற்கெனவே ஸ்கேன் செய்திருக்கிறீர்களா’ என்று கேட்கவும் மறக்க வேண்டாம். செய்திருந்தால் கட்டணம் குறையும், பெரும்பாலும் சீக்கிரம் வரும். எனக்குப் பதில் எழுதிய அம்மா ரொம்பப் பொறுமைசாலி. நான் கேட்ட படத்தோடு, அதே ஆல்பத்தில் கடற்கரைப் படங்கள் இன்னும் சில இருப்பதாகவும் சொன்னார்.

அப்புறம் ஒரு படிவம். படம் எடுத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகி உரிமைக்காலம் முடிந்திருந்தாலும், நூலகம் தான் தரும் கோப்புக்குத் தனியாக நிபந்தனை வைக்கும். எங்கே மாட்டுவோம், எத்தனை நாள், படத்தின் கீழே நூலகத்தின் பெயரை எப்படிப் போடுவோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். லாபநோக்கமில்லாத வாசகசாலை என்று லெட்டர்பேடில் எழுதி அனுப்பியதால் கண்காட்சிக் கட்டணத்தை விட்டுவிட்டார்கள், ஸ்கேன் செலவு மட்டும்தான். அதைக் கட்டுவதுதான் பெரிய பாடு. என் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்துக் கிடந்தது. வங்கியில் போய்க் கேட்டால் ஆப்பில் மாற்றச் சொன்னார்கள், ஆப் என்னைக் கிளைக்குப் போகச் சொன்னது. கடைசியில் சித்தப்பா மகனின் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு அவனுக்கு ஜிபே செய்தேன்.

படம் லிங்க்காக வந்தது. கொஞ்ச நாளில் காலாவதியாகும், வந்த அன்றே இறக்கிவிட வேண்டும். டிஃப் (TIFF) என்கிற பெரிய படக்கோப்பு, என் மொபைலில் திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோது செலவு பண்ணியது வீண் இல்லை என்று தெரிந்தது. மசூலா படகின் பலகைகளில் ஆணியே கிடையாது. ஒன்றோடொன்று கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை தூக்கிப் போடும்போது படகு நெகிழ்ந்து கொடுக்கும். அந்தத் தையல் இழை இழையாகத் தெரிந்தது. துடுப்பின் நுனியில் தட்டு மாதிரி ஒரு வட்டப் பலகை. துடுப்புப் போடுகிறவர்களின் முகம்கூட இருந்தது, ஒருவர் கேமராவையே முறைத்துக்கொண்டிருக்கிறார். ஆல்பத்தில் அந்தப் படத்துக்குக் கீழே கப்பலின் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

கேட்டலாக்கில் வருஷம் ‘ஏறத்தாழ 1900’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் கட்டுமரத்தில் போய்வந்த ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். அவரிடம் காட்டினேன். படகைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண் நேராகக் கரைக்குப் போனது.

“இன்னா நைனா, ஐகோர்ட்டு எங்க?”

“தெரியல தாத்தா, படத்துல வராம போயிருக்கும்.”

“அதெப்டி வராம பூடும்? லைட்அவுசு கீதில்ல, அதுக்குப் பக்கத்துலதான நிக்கணும் செவப்பா? கடல்லேர்ந்து அத்த வெச்சிதான் நாங்க எடமே புடிப்போம்.”

அவர் சொன்னது சரி. படத்தில் உயரமாக நிற்கும் கல்தூண் 1844-ல் எரிய ஆரம்பித்த கலங்கரை விளக்கம், இன்றும் ஐகோர்ட் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. ஐகோர்ட் கட்டிடம் 1892-ல் திறந்தது, 1894-ல் விளக்கையே அதன் கும்மட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கும்மட்டம் இல்லாமல் தூண் மட்டும் தெரிகிறதென்றால் படம் அதற்கு முந்தியது. நூலகத்துக்கு இதை விளக்கி, இன்றைய ஐகோர்ட் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, கேட்டலாக்கிலும் ‘1892-க்கு முன்’ என்று திருத்திவிட்டார்கள். அலமாரி அவர்களுடையது என்றாலும் ஊர் நம்முடையது. தயங்காமல் எழுதிச் சொல்லுங்கள், அவர்கள் இதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள்.

அச்சுப்போடும் கடையில்தான் சண்டை. “சார், ரொம்ப டல்லா இருக்கு, கொஞ்சம் தூக்கி விடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே தம்பி வானத்துக்கு நீலம் அடிக்கப் போய்விட்டான். பழுப்புதான் அந்தப் படத்தின் நிறம், முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம் நாளாவட்டத்தில் அப்படித்தான் ஆகும் என்று சொல்லி நிறுத்தினேன். ஓரத்து மடிப்பையும் அழிக்க விடவில்லை. ஃப்ளெக்ஸ் வேண்டாம், பளபளப்பில்லாத காகிதம்தான் சரி.

மில் விஷயத்தில் இந்த வழி பாதிதான் உதவியது. பக்கிங்காம் மில்லின் புகைபோக்கி, தறிகள், சுத்தமான குடியிருப்பு எல்லாம் கிடைத்தன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததோ, 1921-ல் மில்லில் நடந்த வேலைநிறுத்தமோ, அதையொட்டிய புளியந்தோப்புத் துப்பாக்கிச்சூடோ நான் பார்த்த ஆல்பம் எதிலும் இல்லை. துரை அதை எதற்கு ஒட்டி வைக்கப்போகிறார்? அதற்குத் தமிழ்ப் பத்திரிகைகளைத்தான் பார்க்க வேண்டும் என்று தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். அந்தச் சுவரில் படத்துக்குப் பதில் அச்செழுத்தை மாட்டினோம். அதன் முன்னால்தான் மில்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள்.

படங்கள் இப்போது வாசகசாலையில் இருக்கின்றன. ஆல்பத்தின் எண்ணும் நான் அனுப்பிய மெயிலின் நகலும் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். டிஃப் கோப்பை மட்டும் கேட்காதீர்கள், படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.