சாவி கைமாறிய ஜூலை

ஜூலை 1, 2024, திங்கள்

இன்று சார்ஜ் கொடுத்துவிட்டேன்.

தடுப்பூசிகளை வைக்கும் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆரின் சாவி, டீப் ஃப்ரீசர் சாவி, வெப்பநிலை நோட்டு, ஸ்டாக் ரெஜிஸ்டர். எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து, தடுப்பூசிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, கையெழுத்துப் போட்டேன். புதிதாக வந்திருக்கும் பார்மசிஸ்ட் தம்பிக்கு வயது இருபத்தெட்டு. பணிவான பிள்ளை. இனி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பொறுப்பு முழுக்க அவருடையது. எனக்கு மருந்து கொடுக்கும் ஜன்னல் மட்டும்.

“இன்னும் ரெண்டு வருஷந்தானே சர்வீஸ் இருக்கு, நீங்க இருக்கும்போதே அவர் கத்துக்கட்டும்” என்றார் டாக்டர். அதில் தப்பே இல்லை. நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டிய யோசனை. கொடுக்க மனசில்லாததால் சொல்லாமல் இருந்தேன்.

2010-லிருந்து அந்த இரண்டு சாவியும் என் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில்தான் கிடந்தன. கழற்றப் போனால் வளையம் இறுகிப்போயிருந்தது. நகத்தை விட்டு நெம்பினேன், நகம் உடைந்தது. தம்பி ஓடிப்போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்தார். “நானே எடுத்துருவேன்” என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

தடுப்பூசி நாள். ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். பழக்கம்.

மருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த அறை நேராகத் தெரியும். வி.எச்.என். சிஸ்டர்கள், அதாவது கிராம சுகாதாரச் செவிலியர்கள், நாலு பேர் தடுப்பூசி எடுத்துப்போகும் கேரியரோடு காத்திருந்தார்கள். தம்பி ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்கை எடுத்தார், எடுத்த வேகத்தில் கேரியருக்குள் அடுக்க ஆரம்பித்தார்.

கல் மாதிரி இறுகிய ஐஸ் பேக்கை அப்படியே வைத்தால், அதை ஒட்டியிருக்கும் பெண்டா, டி.டி., ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் எல்லாம் உறைந்துவிடும். உறைந்துபோன மருந்தில் வீரியம் இருக்காது. குப்பியைக் கையில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது சட்டென்று தெரியவும் தெரியாது. வெளியே எடுத்து வியர்க்க விட்டு, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் ‘களக் களக்’ என்று ஆட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுக்க வேண்டும். மருந்து வெயிலில் கெட்டுவிடுமே என்று பயப்படுகிற நாம் குளிருக்குப் பயப்படுவதில்லை.

“தம்பி, அதை அப்படியே வைக்கக் கூடாது!” என்று ஜன்னலிலிருந்தே கத்தினேன். சிஸ்டர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் பேக்குகளை வெளியே எடுத்து மேசையில் பரப்பினார்.

சொல்லாமல் விட்டிருக்க முடியாது. குழந்தைகளுக்குப் போகிற மருந்து. ஆனால் எழுந்துபோய்க் காதோடு சொல்லியிருக்கலாம், பத்து அடி தூரம்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவர் தப்பாக அடுக்குவதைப் பார்த்தபோது, பதற்றத்துக்கு முன்னால் ஒரு கணம் எனக்குள் சந்தோஷம் வந்தது. எழுதவே கை கூசுகிறது. வந்தது உண்மை.

ஜூலை 9, செவ்வாய்

இரவு ஒன்றேமுக்காலுக்குக் கரண்ட் போனது. முழித்துக்கொண்டு போனைப் பார்த்தேன். ஐ.எல்.ஆருக்குள் ஒரு சென்சார் உண்டு. வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே போனாலும் 8 டிகிரிக்கு மேலே போனாலும் பொறுப்பில் இருப்பவருக்கு மெசேஜ் வரும். என் நம்பரை எடுத்துவிட்டுத் தம்பி நம்பரைப் போன வாரமே போட்டாயிற்று. தெரிந்தும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“படும்மா. அந்தத் தம்பி பார்த்துக்குவாரு” என்றார் வீட்டுக்காரர்.

காலையில் போனதும் கால் தானாக அந்த அறைப் பக்கம் திரும்பியது. வாசல்வரை போய்விட்டேன். நோட்டைப் புரட்டி அவர் எழுதினாரா என்று பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. அது மேலதிகாரி செய்கிற வேலை, நான் அவருக்கு மேலதிகாரி இல்லை. திரும்பிவிட்டேன். அவராகக் கூப்பிட்டால் ஒழிய அந்த அறைக்குள் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று ஜன்னலில் நடந்தது.

மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிற ஒரு பாட்டி. வழக்கமாகச் சீட்டைப் பார்த்து, எண்ணிப்போட்டு, “காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். என் மனசு எப்போதும் பின்னால் இருக்கும் ஐ.எல்.ஆரில்தான் கிடக்கும். இன்று கூட்டமும் இல்லை, வேறு கவலையும் இல்லை. “எப்படி ஆத்தா சாப்பிடுறீங்க?” என்று கேட்டேன்.

“காலையிலயே ரெண்டையும் போட்டுக்குவேன் ஆயி. ராத்திரிக்கு மறந்துபோவுது, கண்ணும் தெரியல.”

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை இரண்டு வேளைக்கும் சேர்த்துக் காலையில் ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறார். பத்து மணிக்கு மேல் தலை சுற்றுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார். எத்தனை வருஷமாக என்று அவருக்கே தெரியவில்லை. அத்தனை வருஷமும் மாத்திரை கொடுத்தது என் கைதான்.

டாக்டரிடம் அழைத்துப்போய்ச் சொன்னேன். பிறகு காகித உறையில் பெரிதாக ஒரு சூரியன், இன்னொன்றில் பிறை வரைந்து மாத்திரையைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். பாட்டி உறையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் விரலால் பிறையைத் தடவிப் பார்த்தார். “இது நெலா” என்றார்.

ஜூலை 17, புதன்

மொகரம், விடுமுறை. ஆனால் ஐ.எல்.ஆருக்கு விடுமுறை கிடையாது. காலை, மாலை இரண்டு வேளையும் வெப்பநிலை எழுதியாக வேண்டும். பொங்கலுக்குப் போயிருக்கிறேன், தீபாவளிக்கு எண்ணெய்த் தலையோடு போயிருக்கிறேன், மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் ஓடிப்போய் எழுதிவிட்டு வந்தேன்.

இன்று எட்டரைக்குக் குளித்துப் புடவை கட்டி வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. திண்ணையில் உட்கார்ந்தேன். போன் அடித்தது.

“அக்கா, 4.6 இருக்கு, எழுதிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

சரிப்பா என்று மட்டும் சொன்னேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூலை 23, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது, அன்றைக்கு எல்லார் முன்னாலும் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கக்கா, நீங்க சொல்லலைன்னா அன்னைக்கு அப்படியே போயிருக்கும்” என்றார். பிறகு அவராகவே கஜா புயலைப் பற்றிக் கேட்டார். 2018-ல் அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாராம்.

சொன்னேன். நவம்பர் 16 விடியற்காலை அடித்துவிட்டுப் போனது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னை விழுந்து கிடக்கிறது, கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. முதல் நாள் முழுக்க மூடியைத் திறக்கவே இல்லை. திறக்காதவரை ஐ.எல்.ஆர். சுவருக்குள் இருக்கிற ஐஸ் தாங்கும். மறுநாள் கோல்டு பாக்ஸில் அடுக்கி, ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றி, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூருக்கு. வழியெல்லாம் மரத்தை வெட்டி வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனோம். பெட்டியை மடியில் வைத்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன். ஒரு குப்பிகூட வீணாகவில்லை.

தம்பி சாப்பாட்டை விட்டுவிட்டு நோட்டை எடுத்தார். மூடியின் இடதுபக்க ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருப்பது, அழுத்தி மூடினால்தான் பிடிக்கும் என்பது, ஸ்டெபிலைசர் சத்தம் மாறினால் என்ன அர்த்தம், எந்த லைன்மேன் ராத்திரியில் போன் எடுப்பார், எந்தத் துணை மையத்துக் கேரியரை முதலில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கேட்டு எழுதினார். இதில் ஒன்றுகூட எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. சார்ஜ் கொடுக்கும்போது நான் சொல்லவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

நாலு பக்கம் வந்தது.

ஜூலை 31, புதன்

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் எப்போது நம்ம வாய்க்காலுக்கு வரும் என்றே பேசுகிறார்கள். வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 போய் எத்தனை நாள்.

காலையில் தம்பி உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். காலாவதி மாதத்துக்கு ஒரு நிறமாகக் கூடைகளில் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். மூடியைத் திறந்த மாத்திரத்தில் முதலில் தீர்க்க வேண்டியது எது என்று தெரிந்துவிடுகிறது. நான் ஒவ்வொரு குப்பியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை நேரமும் குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். “உங்க முறையை விட இது நல்லாருக்காக்கா?” என்று தயங்கிக் கேட்டார். நல்லாருக்கு என்றேன்.

ஒன்பது மணிக்கு மேல் பாட்டி வந்தார். இரண்டு உறையையும் மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். சூரியன் உறையில் எத்தனை, பிறை உறையில் எத்தனை என்று கொட்டி எண்ணினேன். இரண்டிலும் அஞ்சு அஞ்சு மிச்சம். தலைசுற்றல் இல்லையாம். அடுத்த வீட்டுக்காரம்மாவுக்கும் இதேபோல வரைந்து தரச் சொன்னார். அந்த அம்மாவுக்கு மூன்று வேளை மாத்திரை. மத்தியானத்துக்கு என்ன வரையலாம் என்று இரண்டு பேரும் யோசித்தோம். “சோத்துத் தட்டு போடு” என்றார்.

தட்டை வரைந்து நிமிர்ந்தபோது எதிர் அறை மேசை காலியாக இருந்தது. நாலு கேரியரும் எப்போதோ கிளம்பிப் போயிருந்தன.