பழைய ஸ்போர்ட்ஸ் காரை முதல் ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்தல்

கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில் கலந்துகொள்ளப் போவதாகச் சொன்னதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, எஞ்சினில் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்பதுதான். எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது மாஸ்டா எம்.எக்ஸ்.5 காரின் முதல் தலைமுறை; 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. கம்பெனியில் இருந்து வந்தபோது அது எப்படி இருந்ததோ, அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதே வேலை. அதற்கு மேல் எதையும் பூட்டுவது தொடக்க ஓட்டுநருக்கு வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

காரணம் போட்டியின் தன்மையிலேயே இருக்கிறது. காலியான, அகன்ற தளம் ஒன்றில் கோன்களை வரிசையாக வைத்து வளைந்து நெளிந்து செல்லும் பாதை அமைப்பார்கள். கார்கள் தனித்தனியாக ஓட, நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி வரை கணக்கிடப்படும். ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும், அதில் பெரும்பகுதி இரண்டாம் கியரிலேயே கழியும். ஒரு கோனைச் சாய்த்தால் வழக்கமாக 2 நொடி கூடுகிறது. புதிய சைலன்சரும் ஏர் ஃபில்டரும் சேர்ந்து அந்த 2 நொடியை ஒருநாளும் மீட்டுத் தரா. மேலும், பல போட்டிகளில் மாற்றம் செய்யாத கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு; அமெரிக்காவின் கார் போட்டி அமைப்பான எஸ்.சி.சி.ஏ.வின் விதிகளில் 'ஸ்ட்ரீட்' பிரிவு ஷாக் அப்சார்பரையும் பிரேக் பேடையும் மாற்ற அனுமதிக்கிறது, ஸ்பிரிங்கை மாற்ற அனுமதிப்பதில்லை. ஆசைக்காக ஸ்பிரிங்கை மாற்றியவர், தம்மைவிட அனுபவமும் செலவும் மிகுந்தவர்களின் பிரிவில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்கோ, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று அறிய, இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மீண்டும் அசைத்துப் பாருங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். முன்சக்கரத்தை இடவலமாகப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பாருங்கள். போட்டிக்கு முன் நடக்கும் பரிசோதனையிலும் இதையேதான் செய்வார்கள் என்பதால், அங்கே திருப்பி அனுப்பப்படுவதைவிட வீட்டிலேயே கண்டுபிடிப்பது நல்லது. பேட்டரி அசையாமல் கிளாம்பில் இறுகியிருக்க வேண்டும். என் காரில் அது டிக்கிக்குள் இருப்பதால் பலர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பிரேக் ஆயில் வகைகளில் ஒன்றான டாட் 4-இன் தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரி மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். பேடைப் பொறுத்தவரை நல்ல சாதாரணப் பேடே போதும். சூடேறினால்தான் பிடிக்கும் பந்தயப் பேட், ஒரு நிமிட ஓட்டத்தில் சூடேறுவதற்குள் எல்லைக் கோடு வந்துவிடும்.

பழைய கார்களில் மிகவும் ஏமாற்றுவது டயர். அதிகம் ஓடாத காரில் பட்டன் ஆழமாகவே இருக்கும், ரப்பரோ கல்லாக இறுகிப்போயிருக்கும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பத்தாண்டு கடந்ததை யோசிக்காமல் கழற்றிவிடலாம். ஆனால் புதிதாக வாங்கும்போது, தேய்மான எண் (குறையக் குறைய ரப்பர் மென்மை) 200 உள்ள ஒட்டும் டயரைத் தேடி ஓட வேண்டாம். சாதாரண டயர் பிடி இழப்பதற்கு முன்பே கீச்சிட்டு எச்சரிக்கும், கற்கும் காலத்தில் அந்தச் சத்தம் பெரிய உதவி.

காற்றழுத்தத்தை ஊகிக்க வேண்டியதில்லை. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் குறுக்கே கோடிட்டு ஓடிவிட்டு வந்து பாருங்கள். பல டயர்களில் பக்கச் சுவரில் சிறு முக்கோணக் குறி ஒன்று இருக்கும். கோடு அந்தக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றைக் கூட்ட வேண்டும். குறிக்கு வெகுதூரம் முன்னதாகவே கோடு மிச்சமிருந்தால் சிறிது குறைக்கலாம். ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறும் என்பதால் இடையிடையே அளந்துகொள்வது அவசியம்.

எஞ்சின் ஆயில் மேல் குறி வரை இருக்கட்டும். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் எஞ்சின் திக்குவதுண்டு, அரை டேங்க் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அது வெடிக்கும் நாள் தொலைவில் இல்லை. வீல் நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள். ஸ்டெப்னி, கருவிகள், கால்மிதி ஆகிய அனைத்தையும் இறக்கிவிடுங்கள். பிரேக்குக்கு அடியில் உருண்டு வரும் தண்ணீர் பாட்டில் எந்த எஞ்சின் கோளாறையும்விட ஆபத்தானது. கூரை மடங்கும் காராக இருந்தால், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கட்டாயமா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியுள்ள ஸ்னெல் பாதுகாப்புத் தர முத்திரை எந்த ஆண்டுக்குரியது என்பதையும், அது அங்கே ஏற்கப்படுமா என்பதையும் சரிபாருங்கள்.

வீல் அலைன்மென்டைக் கடைசியாக, தேய்ந்த புஷ்களையும் ஜாயிண்டுகளையும் மாற்றிய பிறகே செய்ய வேண்டும்; ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு அளக்கும் கோணம் முதல் வளைவிலேயே மாறிவிடும். எம்.எக்ஸ்.5 காரில் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வை, கம்பெனி போல்ட்டுகளைக் கொண்டே மாற்றலாம் என்பதால், விதிகளை மீறாமல் முன்சக்கரங்களின் மேற்பகுதியைச் சற்று உள்ளே சாய்க்க முடிகிறது. அந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அலைன்மென்டுக்குப் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அவற்றில் அடித்துவாருங்கள்.