சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்

தினமும் காலையில் கார் நின்ற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை. வண்டி 2003 மாடல். அதற்கும் மூட்டுவலி வரும் வயதுதான்.

பட்டறையில் குனிந்து பார்த்தவுடனே, "கிராங்க் பின்பக்க சீல் போய்விட்டது சார், கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்றார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையம் அது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலே கசியும் ஆயில், ஓட்டத்தில் காற்றடித்துக் கீழும் பின்னுமாக ஊர்ந்து எங்கோ போய்த்தான் சொட்டும்.

ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவினேன். (வீட்டில் அந்த டப்பாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.) இருபது நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் பின்மூலையில் பவுடர் நனைந்து பழுப்பாகியிருக்கிறது. அங்கிருந்து ஒரு கோடு நேராகக் கியர்பாக்ஸ் ஓரத்துக்கு இறங்குகிறது.

கவரைக் கழற்றினால், அதன் விளிம்பில் கசிவை அடைக்கும் கேஸ்கட் ரப்பர் அப்பளம்போல் ஒடிகிறது. புதியது போட்டாயிற்று. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வும் அடைத்திருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் உள்ளழுத்தம் ஏறிப் புதிய கேஸ்கட்டிலும் கசிந்திருக்கும்.

வண்டிக்கு அடியில் அட்டை விரித்து மூன்று நாள் ஆகிறது. இன்று காலை ஒரு பொட்டு! மண்டியிட்டு முகர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அந்தப் பொட்டு வெறும் ஏ.சி. தண்ணீர்தான்.